டிராக் வீல்சேரில் மலைப்பாதை: ஸ்டாண்டன் பார்க் போனவர்கள் இருக்கிறீர்களா?

சக்கரக்காரி:
வணக்கம். அமெரிக்காவில், கொலராடோவின் டென்வர் பக்கம் இருக்கிறேன். விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு ஆறு வருடமாக வீல்சேர்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது, கை இரண்டும் நன்றாக வேலை செய்யும். ராக்கி மலை தேசியப் பூங்காவில் ஸ்ப்ரேக் ஏரியை எத்தனை தடவை சுற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கு இல்லை. அரை மைல், இறுகின சரளை, நல்ல பாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் என் வீட்டுக்காரர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே போகிற பாதையில் கிளம்பிவிடுவார், நான் பார்க்கிங்கில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல்.

ஸ்டாண்டன் ஸ்டேட் பார்க்கில் டாங்கி மாதிரி பெல்ட் ஓடுகிற வீல்சேரை இலவசமாகத் தருகிறார்களாம். அதை நாமே ஓட்டலாமா? பின்னால் நின்று யாராவது ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தால் எனக்கு வேண்டவே வேண்டாம். இன்னொன்று, கல்லிலும் வேரிலும் ஏறி இறங்கும்போது உடம்பு என்ன ஆகும்? ஒருமுறை படுக்கைப்புண் வந்து இரண்டு மாதம் குப்புறக் கிடந்தவள், அந்தப் பயம் போகவில்லை. மாமியார் "எதுக்கும்மா இந்த வேண்டாத வேலை" என்கிறார்.

பைன்மரம்:
இரண்டு முறை போயிருக்கிறேன், எனக்குச் சின்ன வயதிலேயே போலியோ. கவலைப்படாதீர்கள், ஜாய்ஸ்டிக் உங்கள் கையில்தான் இருக்கும். தன்னார்வலர் ஒருவர் கூடவே நடந்து வருவார், அவ்வளவுதான். வேகம் நடை வேகம். ஜாய்ஸ்டிக்கை விட்டால் அந்த இடத்திலேயே நின்றுவிடும், இறக்கத்திலும்தான். இரண்டு பெல்ட்டும் தனித்தனியாக ஓடுவதால் நின்ற இடத்திலேயே வட்டமடிக்கலாம், முதல் பத்து நிமிடம் இதிலேயே போய்விடும் பாருங்கள். எடை பெல்ட் முழுக்கப் பரவுவதால் மணலிலும் சேற்றிலும் புதையாது. ஏற்றத்தைவிடப் பக்கவாட்டுச் சரிவில்தான் கவனம் வேண்டும், பாதை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் மெதுவாகப் போங்கள். செங்குத்தான இடத்தில் இருக்கையை மட்டும் சாய்த்து உடம்பைச் சமமாக்கிக்கொள்ள ஒரு விசை இருக்கும்.

படுக்கைப்புண் விஷயத்துக்கு வருகிறேன். வீல்சேரில் நீங்கள் போட்டு உட்காரும் உங்கள் சொந்த மெத்தையையே கொண்டுபோங்கள். காற்று மெத்தையா? அப்படியானால் இதைக் கட்டாயம் கவனிக்கவும். டென்வர் 5,280 அடி, அந்தப் பூங்கா 8,000 அடிக்கு மேல். மேலே போனதும் உள்ளே இருக்கிற காற்று விரிந்து மெத்தை பலூன் மாதிரி உப்பிவிடும், அதன்மேல் உட்கார்ந்தால் எடை பரவாது. போய்ச் சேர்ந்ததும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும், வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் திரும்ப ஏற்ற வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்திக் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ளுங்கள். குலுக்கலில் கால் துடிக்கிறதென்றால் பாதத்தைப் பட்டையால் கட்டிவிடுங்கள், உணர்வில்லாத கால் வெளியே தொங்கிக் கல்லில் இடித்தால் நமக்குத் தெரியவே தெரியாது.

காலையிலேயே நேரம் பிடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வந்துவிடும், நடை வேகத்தில் ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு தப்பி ஓட முடியாது. செப்டம்பர் கடைசியில் போனால் ஆஸ்பென் மரத்து இலை மஞ்சளாகியிருக்கும். ஏறி உட்காரத் துணைக்கு நம் ஆள் ஒருவர் இருப்பது நல்லது.

ஏழுகடல்:
அக்கா, நுழைவுக் கட்டணம்கூட வேண்டாமே, மாற்றுத்திறனாளிகளுக்கு ஆயுள் முழுக்க இலவச பாஸ் இருக்கிறதே?

பைன்மரம்:
தம்பி, அது மத்திய அரசின் பாஸ், ஸ்ப்ரேக் ஏரிக்குச் செல்லும். ஸ்டாண்டன் கொலராடோ மாநிலப் பூங்கா, அதற்குத் தனியாக வண்டி பாஸ் வாங்க வேண்டும், வீல்சேருக்குத்தான் காசு இல்லை. அந்த மத்திய பாஸும் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான். ஹெச்1பி வேலை விசாவில் இருந்தபோது கேட்டுப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன் நான்.

நெம்புகோல்:
கை நன்றாக இருக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் மோட்டார் மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். கிரிட் ஃப்ரீடம் சேர் என்று ஒன்று இருக்கிறது, நான் நாலு வருடமாக வைத்திருக்கிறேன். மூன்று சக்கரம், இரு பக்கமும் ஒவ்வொரு நெம்புகோல், அதை முன்னால் தள்ளினால் வண்டி போகும். கியர் மாற்ற எதுவும் இல்லை. கோலின் உச்சியைப் பிடித்தால் ஏற்றத்துக்கு பலம், கீழே பிடித்தால் சமதரையில் வேகம், நம் கைதான் கியர். இங்கே அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான யோசனை, முதல் வடிவங்களை ஓட்டிப் பார்த்த இடங்களில் நம் இந்தியாவும் ஒன்று, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் செய்கிறவர்களோடு சேர்ந்து. சைக்கிள் உதிரி பாகங்கள்தான், கழற்றி கார் டிக்கியில் போட்டுக்கொள்ளலாம். டிராக் சேரோ பத்தாயிரம் டாலருக்கு மேல், அதை ஏற்ற ட்ரெய்லர் வேறு.

ஆனால் ஒளிக்காமல் சொல்கிறேன், தோள்பட்டை போய்விடும். தினமும் வீல்சேர் தள்ளுகிற தோளை வைத்து மலையும் ஏறினால் ஐம்பது வயதில் அழ வேண்டியதுதான். மாதம் ஒருமுறை, அதற்கு மேல் நான் போவதில்லை.

இன்னொன்று. அமெரிக்காவின் 1990 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 'வில்டர்னஸ்' என்று ஒதுக்கின காட்டுக்குள்ளும் வீல்சேர் போகலாம், மோட்டார் வைத்ததும்தான். ஆனால் கட்டடத்துக்குள் ஆள் நடக்கிற இடத்திலும் ஓட்டத் தகுந்ததாக இருந்தால்தான் அது வீல்சேர் என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால் பிற்பாடு சொந்தமாக டிராக் சேர் வாங்கினாலும், போகிற இடத்து ரேஞ்சரிடம் முதலில் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

சக்கரக்காரி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. காற்று மெத்தைதான், இத்தனை நாள் மலைக்குப் போய்வந்த பிறகெல்லாம் முதுகு ஏன் வலித்தது என்று இப்போது புரிகிறது! செப்டம்பர் கடைசி சனிக்கிழமை காலைக்குப் பதிவு செய்துவிட்டேன். இந்த முறை பைகளுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். இதையெல்லாம் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கும் அந்த நாற்காலி தருவார்களா என்று கேட்கிறார்.