மறு: ‘ஃபீல்’ என்பது ஒரு சொல்லா, இரண்டா? (விலை குறைந்த பேஸ் கிட்டார்கள்)

குழுவினருக்கு வணக்கம். பேஸ் கிட்டார்களைப் பற்றித் தமிழில் எழுத நாம் போடும் சொற்பட்டியலில், ‘ஃபீல்’ பற்றி வந்த கடிதத்துக்கு என் பதில்.

> ‘ஃபீல்’ என்பதற்குத் ‘தொடுவுணர்வு’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை ஐயா. தொடுவுணர்வு தோலோடு நின்றுவிடும். பேஸ் வாசிக்கிறவர் ‘இதோட ஃபீல் சரியில்லை’ என்று சொல்லும்போது, தண்டி (கருவியின் கழுத்து) உள்ளங்கையில் எப்படி உட்காருகிறது, தந்தியை அழுத்த விரல் எவ்வளவு பாடுபடுகிறது, நின்றுகொண்டு வாசித்தால் தோள் தாங்குமா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறார்.

> ‘கைவாகு’ என்று சொல்லிப் பார்த்தேன். பொருந்துகிறதா?

பொருந்துகிறது. ‘கைக்கு வாகாக இல்லை’ என்று எல்லாரும் பேசுகிறோம், விளக்கம் தேவைப்படாத சொல். என் தயக்கம் வேறு. ஃபீல் என்ற சொல் ஆங்கிலத்திலேயே இரண்டு பொருளைச் சுமக்கிறது. விலை குறைந்த பேஸை எடைபோடும்போது அந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் நல்ல கருவியைத் தள்ளிவிட்டு மோசமானதை எடுத்துவருவோம்.

விலையைக் குறைக்க ஒரு தொழிற்சாலை எங்கே கை வைக்கும் என்று பாருங்கள். உடலையும் தண்டியையும் செதுக்குவது இப்போது கணினி ஓட்டும் எந்திரங்கள். விலை குறைந்த கருவியிலும் அந்த வெட்டு ஒழுங்காகவே இருக்கிறது. மிச்சம் பிடிக்கப்படுவது பெரும்பாலும் ஆள் உட்கார்ந்து செய்யவேண்டிய கைவேலை: தண்டியின் குறுக்கே பதித்த கம்பிகளான மெட்டுகளின் முனைகளை அரத்தால் வழவழப்பாக்குவது, மெட்டுகளின் முகட்டை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது, தலைப்பக்கம் தந்திகள் படியும் நட்டில் பள்ளங்களைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் பாகம்), பிரடை (தந்தியை முறுக்கிச் சுருதி கூட்டும் பாகம்), திருகுக் குமிழ்கள் ஆகியவற்றிலும் சிக்கனம் நடக்கும். ஆனால் கையில் எடுத்த உடனே உறுத்துவது இந்தக் கைவேலைக் குறைதான்.

நட்டின் பள்ளம் ஆழமில்லாவிட்டால் முதல் இரண்டு மூன்று மெட்டுகளில் தந்தி கல் மாதிரி இருக்கும், சுரமும் சற்றே ஏறி ஒலிக்கும். மூன்றாம் மெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதல் மெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மயிரிழைக்கு மேல் இருந்தால் பள்ளத்தை இன்னும் அறுக்கலாம். தந்தி மொத்தமாகவே உயரமாக இருந்தால் தண்டிக்குள் ஓடும் இரும்புக் கம்பியையும் உடல்பக்கம் தந்தியைத் தாங்கும் குதிரையின் திருகுகளையும் சரிசெய்து, 12ஆம் மெட்டின்மேல் 2 முதல் 2.5 மில்லிமீட்டருக்குக் கொண்டுவரலாம். கரகரவென்று கையில் படும் சுற்றுக்கம்பித் தந்தி பிடிக்காவிட்டால் தட்டைச்சுற்றுத் தந்தி மாட்டலாம். கருவியே மாறிவிட்டது போலிருக்கும். கடையில் எடுத்த ஐந்து நிமிடத்தில் ‘ஃபீல் மோசம்’ என்று கீழே வைக்கப்படும் பேஸ்களில் பலவற்றுக்கு இவ்வளவுதான் நோய்.

திருகுக்கு மசியாத பக்கம் ஒன்றும் இருக்கிறது. நட்டின் அகலம் ஃபெண்டர் நிறுவனத்தின் ஜாஸ் பேஸ் வகையில் சுமார் 38 மில்லிமீட்டர், பிரிசிஷன் வகையில் 41க்கு மேல். 1960இல் ஜாஸ் பேஸ் வந்ததிலிருந்தே வாசிப்பவர்கள் இந்த இரண்டு கட்சியாகத்தான் நிற்கிறார்கள். நட்டுக்கும் குதிரைக்கும் இடைத்தூரம் வழக்கமாக 34 அங்குலம். 30 அங்குலத்தில் குட்டை வகை உண்டு. அதே தந்தியை அதே சுரத்துக்குக் கூட்டினாலும் குட்டையில் இழுவை குறைவு, விரல் விரிப்பும் குறைவு. அப்புறம் எடை, தண்டியின் பருமன், தோள்வாரில் தொங்கும்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. இவையெல்லாம் கருவியோடு பிறந்தவை.

ஆகவே இரண்டு சொல் கேட்கிறேன். சீர்செய்தால் மாறக்கூடியதற்குக் கைவாகு. மாறாததற்கு உடல்வாகு. உடல்வாகு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிற சொல். ஆளுக்குச் சொல்வதைக் கருவிக்கும் சொல்கிறோம், அவ்வளவே. விலை குறைந்த பேஸை உடல்வாகு பார்த்து வாங்க வேண்டும், கைவாகைப் பிறகு வரவழைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

ஒரு சின்ன முறையீடு. முந்தைய பட்டியலில் ‘விரற்பலகைக் குறுக்குக்கம்பி’ என்று பார்த்தேன். வீணைக்காரர்கள் காலங்காலமாக மெட்டு என்கிறார்கள். தண்டி, குதிரை, பிரடை, தந்தி எல்லாமே அங்கே தயாராக இருக்கின்றன. இருப்பதை விட்டுவிட்டு எதற்குப் புதிதாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம்?

* * *

அன்புள்ள தம்பிக்கு,

தொடுவுணர்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உடல்வாகு, கைவாகு இரண்டும் சோடியாக நன்றாக நிற்கின்றன.

வீணையைச் சொன்னதால் யாழையும் சொல்லிவிடுகிறேன். சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் யாழுக்கு வரும் குற்றங்கள் நான்கு பேசப்படுகின்றன: செம்பகை, ஆர்ப்பு, கூடம், அதிர்வு. உரை சொல்லும் பொருளைச் சுருக்கினால் செம்பகை பண்ணோடு சேராத இன்பமற்ற ஓசை, ஆர்ப்பு அளவை மீறி ஒலிப்பது, கூடம் ஓசை வெளிவராமல் மழுங்குவது, அதிர்வு சிதறி ஒலிப்பது. இவை மரத்தின் குற்றத்தால் வருபவை என்றும் ஒரு கருத்து உண்டு.

உங்கள் பட்டியலில் ‘டெட் ஸ்பாட்’ (ஓசை சட்டென்று அடங்கிவிடும் இடம்) என்றும் ‘ஃபிரெட் பஸ்’ (தந்தி மெட்டில் உரசும் ஓசை) என்றும் இரண்டு காலியாகக் கிடக்கின்றனவே. முன்னதற்குக் கூடம், பின்னதற்கு அதிர்வு. ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய சொற்கள், தூசி தட்டினால் போதும். என்ன சொல்கிறீர்கள்?

* * *

ஐயா, படித்ததும் துள்ளிக் குதித்தேன். பிறகு ஒரு வரி எழுதிப் பார்த்தேன்: ‘இந்த பேஸில் ஐந்தாம் மெட்டருகே ஒரு கூடம் இருக்கிறது.’ படிக்கிறவர் அங்கே திருமணம் நடத்தலாமா என்று கேட்பார். அதிர்வுக்கு வேறு சிக்கல். தந்தி அதிராமல் ஓசையே இல்லை, இயற்பியல் பாடம் முழுக்க அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டுவிட்டது. குற்றத்துக்கும் இயல்புக்கும் ஒரே பெயர் வைக்க முடியாது.

ஆனால் உரையில் வரும் ‘மழுங்கி’ என்பதை விடக்கூடாது. ஏனென்றால் நடப்பது அச்சாக அதுதான். தந்தியை மீட்டினால் சுரம் பிறக்கிறது, மற்ற இடங்களில் போல நிற்காமல் சட்டென்று உள்ளே போய்விடுகிறது. காரணம் தண்டி. நீண்டு மெலிந்த மரம் அது, அதற்கென்று சொந்த அதிர்வெண்கள் உண்டு. தந்தியின் சுரம் அதில் ஒன்றோடு ஒத்துப்போகிறபோது, அந்த இடத்தில் தண்டியும் இணங்கி அசைந்தால், தந்தியின் ஆற்றலை மரம் குடித்துவிடும். நான்கு தந்தி பேஸில் பெரும்பாலும் ஜி தந்தியில் ஐந்தாம் மெட்டிலிருந்து ஏழாம் மெட்டுக்குள் இது அகப்படும்.

‘செத்த மெட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தவறான இடத்தில் பழி போடுகிறது. அதே மெட்டில் பக்கத்துத் தந்தி நன்றாகவே ஒலிக்கும். அதே சுரத்தை டி தந்தியில் ஐந்து மெட்டு மேலே ஏறி வாசித்தால் அதுவும் பெரும்பாலும் நிற்கும். ஆக, குற்றம் மெட்டிலும் இல்லை, சுரத்தில் மட்டும் இல்லை, இன்ன சுரம் இன்ன இடத்தில் என்ற சேர்க்கையில் இருக்கிறது. அதனால் மழுங்கிடம் என்று முன்வைக்கிறேன்.

இதைத் தேடும்போது ஆம்ப்பை (ஒலிபெருக்கியை) அணைத்துவிடுவது நல்லது. கருவியின் மேல்கொம்பில் (உடலிலிருந்து தண்டிப்பக்கம் நீளும் மேல்முனையில்) காதை வைத்துக்கொண்டு ஜி தந்தியை ஒவ்வொரு மெட்டாக ஒரே விசையில் மீட்டி, ஓசை அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். மழுங்கிடம் விலை உயர்ந்த கருவிகளிலும் உண்டு. தலையில் எடை மாட்டினால் அது ஒரு மெட்டு தள்ளிப்போகும், ஒழிந்துபோகாது. என் பிரிவினையில் இது உடல்வாகுக் கணக்கு.

ஓசை நீள்வதற்கு ‘நீடிப்பு’ என்று ஒருவர் தந்திருந்தார். பாட்டுக்காரர்கள் கார்வை என்கிறார்களே, அதையே எடுத்துக்கொள்வோம்.

* * *

நான் பழுது பார்க்கிறவள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

மழுங்கிடம் சரி. ஃபிரெட் பஸ்ஸுக்குக் ‘கரகரப்பு’ என்று யாரோ போட்டிருக்கிறீர்கள், வேண்டாம். ஒலிக்குமிழைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் வருவதுதான் கரகரப்பு, அதற்கு மருந்து வேறு. தந்தி மெட்டில் உரசி ‘ஜிர்’ என்பதும், எர்த் சரியில்லாமல் ‘உம்ம்’ என்று இரைவதும் தனித்தனி நோய். மூன்றுக்கும் ஒரே பெயரைச் சொல்லிக் கருவியைக் கொண்டுவந்தால் நான் எங்கே தொடங்குவது?

ஐயாவின் அதிர்வைத் தூக்கிப் போடாதீர்கள். முன்னால் மெட்டைச் சேர்த்து மெட்டதிர்வு என்று வையுங்கள், இயற்பியலோடு சண்டை வராது. ஆம்ப்பில் கேட்காமல் வெறும் காதுக்கு மட்டும் கேட்கிற மெட்டதிர்வைப் பலர் அப்படியே விட்டுவிடுவார்கள், தந்தி தாழ்வாக இருப்பதற்குக் கொடுக்கிற கூலி அது. தம்புராவில் நூலைச் செருகி வேண்டுமென்றே வரவழைக்கிறோமே, ஜீவாளி! ஒரு கருவியின் உயிர் இன்னொன்றுக்கு நோய்.

வறண்ட காலத்தில் விரற்பலகை மரம் சுருங்கும், மெட்டு உலோகம் சுருங்காது. முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். வருகிறவர்கள் ‘துருத்திக்கிட்டு இருக்கு’ என்கிறார்கள். முனைத்துருத்தல் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

வாரில் மாட்டிக் கையை விட்டால் தலை கீழே கவிழ்கிறதே, அதற்கு தலைக்கனம். சிரிக்காதீர்கள். உடல் லேசு, பிரடைகள் கனம், மேல்கொம்பு குட்டை, இப்படி இருக்கிற பேஸ் எல்லாம் தலைக்கனம் பிடித்ததுதான். இடக்கை வாசிப்பதை விட்டுவிட்டுத் தண்டியைத் தாங்கிக்கொண்டிருக்கும். அகலமான சொரசொர வார் போட்டால் கொஞ்சம் அடங்கும்.

* * *

அம்மா, மெட்டதிர்வு, முனைத்துருத்தல், தலைக்கனம் மூன்றையும் ஏற்றாயிற்று. தலைக்கனத்துக்கு எதிர்ப்பு வரும், வரட்டும்.

ஒலி பக்கம் இன்னும் அரைகுறை. மிகத் தாழ்ந்த ஈ தந்தியின் அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். பழகுவதற்கான சின்ன ஆம்ப்புகள் அதை ஒழுங்காக வெளியிடாது. 82, 123 என்று மேலே அடுக்கும் ஓசைகளைக் கொண்டு காதே அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. ஆகையால் அந்த ஆம்ப்பில் கேட்டு ‘அடி கனமில்லை’ என்று பேஸைக் குறை சொல்வது ஆம்ப்பின் குறையைக் கருவிமேல் ஏற்றுவது. இதையும் எழுத வேண்டியிருப்பதால் ‘டோன்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். தொனி என்றால் பேச்சின் தொனியாகப் போய்விடுகிறது, ஒலிநிறம் கொஞ்சம் ஏட்டுத்தனம். அதைத் தனி இழையாகத் திறக்கிறேன்.

கிடைத்தவற்றைப் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

“உடல்வாகு நடுத்தரக் கைக்கு ஏற்றது, தண்டி மெலிது, தலைக்கனம் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்தபோது கைவாகு இல்லை: நட்டின் பள்ளம் மேலாக இருந்தது, கடைசி மெட்டுகளில் முனைத்துருத்தல். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. தந்தியைத் தாழ்த்தியபின் ஈ தந்தியில் லேசான மெட்டதிர்வு, ஆம்ப்பில் கேட்கவில்லை. ஜி தந்தியின் ஆறாம் மெட்டில் மழுங்கிடம். மற்ற இடங்களில் கார்வை நன்று.”

வாய்விட்டுப் படித்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள்.

* * *

தடுக்கவில்லை. ‘நட்’ மட்டும் அப்படியே நிற்கிறது. திருகோடு போடுகிற நட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். மேற்குதிரை?