மாநாட்டுக்கு முந்தைய இரவு விருந்துகள்: பேராளர்கள் போகலாமா?

தென்னங்கீற்று:
அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கக் கட்சிகள் நடத்தும் தேசிய மாநாடு என்றால் மேடைப் பேச்சுகளை மட்டுமே அலசுகிறோம். மாநாடு திங்கட்கிழமை தொடங்கினால் விருந்துகள் ஞாயிறு மாலையே களைகட்டிவிடும். அந்த விருந்துகளுக்குப் பேராளர்கள், அதாவது மாநிலங்களிலிருந்து வாக்களிக்க வரும் கட்சிப் பிரதிநிதிகள், போகவே கூடாது என்பது என் வாதம்.

ஜனநாயகக் கட்சியின் 2008 மாநாடு டென்வர் நகரில் ஆகஸ்ட் 25 அன்று தொடங்கியது. முந்தைய இரவு ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனம் ஒரு விருந்து வைத்தது. யாருக்கு? ‘ப்ளூ டாக்’ என்று அழைக்கப்படும், அக்கட்சியின் வலதுசாய்வு கொண்ட நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு. நீதிமன்ற ஆணையின்றி அரசு ஒட்டுக்கேட்டதற்குத் துணைபோன தொலைபேசி நிறுவனங்களை வழக்கிலிருந்து காப்பாற்றும் சட்டம் அந்த ஜூலையில்தான் நிறைவேறியிருந்தது. அதற்கு இவர்களில் பலர் ஆதரவு. வாசலில் காத்திருந்த பத்திரிகையாளர்கள், உள்ளே போனவர்களிடம் விருந்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலோர் வாய் திறக்கவில்லை. பேராளர்களுக்குக் கொடுத்த பையிலும் அதே நிறுவனத்தின் முத்திரைதான் இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

ஏரிக்கரை:
நண்பரே, நீங்கள் சொன்ன விருந்தை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் அதை வைத்து எல்லாத் தொடக்க விழாவையும் ஒரே தட்டில் நிறுக்காதீர்கள்.

2024 ஆகஸ்டில் அதே கட்சியின் சிகாகோ மாநாட்டில் தன்னார்வலராக வேலை செய்தேன். அங்கே வந்தவர்களைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். நான் பழகிய பேராளர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்கள், செவிலியர்கள், தொழிற்சங்கத்தார், ஓய்வுபெற்றவர்கள். விமான டிக்கெட்டும் ஹோட்டல் வாடகையும் அவர்கள் கைப்பணம். அதற்காக ஊரில் துண்டு ஏந்தியவர்களும் உண்டு. காலையில் ஹோட்டலில் மாநிலவாரியாகச் சிற்றுண்டி நடக்கும். அன்றைய அனுமதி அட்டையை அங்கேதான் கொடுப்பார்கள், தினமும் புது அட்டை. கழுத்துப்பட்டை நிறையச் சின்னங்களைக் குத்திக்கொண்டு, “உங்கள் மாநிலச் சின்னம் ஒன்று கொடுங்கள், என்னுடையது இரண்டு தருகிறேன்” என்று முன்பின் தெரியாதவர்கள் பேரம் பேசுவார்கள். பத்தே நிமிடத்தில் பேச்சு அவரவர் ஊர்ப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் வந்துவிடும். அலபாமாக்காரரும் ஓரிகன்காரரும் வேறெங்கே இப்படிப் பேசப் போகிறார்கள்? மாநாட்டு அரங்கில் நாற்காலியை விட்டு எழுந்தால் இடம் போய்விடும். பழகுவதற்குக் கிடைப்பது இந்தக் கூட்டங்கள்தான்.

தென்னங்கீற்று:
சிகாகோவையே எடுத்துக்கொள்வோம். அப்போதைய அதிபர் பைடன் ஜூலை 21 அன்று போட்டியிலிருந்து விலகினார். கமலா ஹாரிஸை வேட்பாளராக்கும் வாக்கெடுப்பு இணையவழியில் ஆகஸ்ட் 5 அன்றே முடிந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து அரங்கில் நடந்தது சம்பிரதாய வாக்கெடுப்பு. முடிவெடுக்கும் வேலை பேராளர் கையை விட்டுப் போன பிறகு அவருக்கு மிஞ்சுவது விருந்தும் கைதட்டலும்தான். அந்த விருந்தின் செலவை நிறுவனங்கள் ஏற்கும்போது, அவர் யாருடைய விழாவில் நிற்கிறார் என்று யோசிக்க வேண்டாமா?

பழஞ்சட்டம்:
இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இருவரும் பணம் வரும் வழியைத் தொடவில்லை.

அதிபர் நிக்சன் பதவி விலகக் காரணமான வாட்டர்கேட் ஊழலுக்குப் பிறகு வந்த சட்டத்தால் 1976 முதல் 2012 வரை மாநாட்டுச் செலவுக்குப் பொதுப்பணம் கிடைத்தது. 2012இல் கட்சிக்கு ஏறக்குறைய 1.8 கோடி டாலர். 2014இல் அதை நிறுத்தி, குழந்தைகள் நோய் ஆராய்ச்சிக்குத் திருப்பினார்கள். நல்ல காரியத்தின் பெயரால் நடந்ததால் எதிர்ப்பு எடுபடவில்லை. பாதுகாப்புக்கு மட்டும் அரசு இன்றும் தருகிறது, 2024இல் மாநாட்டு நகரம் ஒவ்வொன்றுக்கும் 7.5 கோடி டாலர். மற்றதில் பெரும்பகுதி உள்ளூர் வரவேற்புக் குழுவின் தலையில் விழுகிறது. அந்தக் குழு நிறுவனங்களிடம் உச்சவரம்பின்றி நன்கொடை வாங்கலாம்.

விருந்துக்கும் விதி இருக்கிறது. மாநாட்டு நாட்களில் லாபியிஸ்டுகள் (நிறுவனங்களுக்காகச் சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுபவர்கள்) காங்கிரஸ் என்னும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர் ஒருவரைக் கௌரவித்து நடத்தும் விருந்துக்கு அவர் போகக் கூடாது என்று 2007 சட்டம் சொல்கிறது. ஆனால் ஒருவர் பெயரைச் சொல்லாமல் ‘ஒரு குழுவுக்கு’ என்று நடத்தினால் தடை பொருந்தாது என்று பிரதிநிதிகள் அவையின் நெறிமுறைக் குழு விளக்கம் கொடுத்தது. டென்வர் விருந்து அந்தச் சந்தில் நுழைந்ததுதான். இன்னொன்று, உட்கார்ந்து சாப்பிடும் விருந்து தடை. நின்றபடி பல்குச்சியில் எடுத்துச் சாப்பிடும் சிற்றுண்டிக்குத் தடை இல்லை. அதனால்தான் இந்தக் கூடங்களில் நாற்காலியும் முள்கரண்டியும் அரிது. இவை எல்லாமே காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத்தான். ஆசிரியையாக இருந்து பேராளரானவரை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது.

ஏரிக்கரை:
நன்றி ஐயா. நிறுவனப் பணம் இல்லாமலும் விழா நடத்தலாம் என்பதற்கு வட கரோலினாவின் சார்லட் நகரம் இருக்கிறதே! 2012இல் ஜனநாயகக் கட்சி மாநாட்டை மூன்று நாளாகச் சுருக்கி, தொழிலாளர் தினமான செப்டம்பர் 3 அன்று நகர மையத்தில் பொதுமக்களுக்கு இலவசத் தெருவிழா நடத்தினார்கள். அனுமதி அட்டையும் அழைப்பிதழும் தேவைப்படவில்லை. நிறுவனங்களிடம் ரொக்க நன்கொடை வாங்க மாட்டோம் என்றும் அறிவித்தார்கள்.

தென்னங்கீற்று:
அறிவித்தார்கள், சரி. வரவேற்புக் குழுவின் ஒரு கோடி டாலர் கடனுக்கு டியூக் எனர்ஜி மின் நிறுவனம் பொறுப்பேற்றது. குழுவால் திருப்பிக் கட்ட முடியவில்லை, அதை நிறுவனமே சுமந்தது. வாசல் வழியாக வராத பணம் கொல்லை வழியாக வந்தது.

ஏரிக்கரை:
அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அன்று தெருவில் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற சார்லட்வாசிகளை அந்தக் கடன் பொய்யாக்கிவிடாது.

கூடல்நகர்:
2024 ஆகஸ்ட் 19, சிகாகோவின் யூனியன் பூங்காவிலிருந்து காசாவுக்காகப் புறப்பட்ட ஊர்வலத்தில் நடந்தவன் நான். வேலிக்கு வெளியே நின்றவனின் கேள்வி வேறு. இரண்டு நாள் கழித்து, பாலஸ்தீன வம்சாவளியினர் ஒருவருக்கு மேடையில் பேச இடம் மறுக்கப்பட்டதும், காசா போரை எதிர்த்து எந்த வேட்பாளருக்கும் ஆதரவு உறுதி தராமல் வந்த ‘அன்கமிட்டட்’ பேராளர்கள் அரங்கின் வெளியே தரையில் உட்கார்ந்து இரவைக் கழித்தார்கள். கழுத்தில் அட்டை இருந்தது, உள்ளே போக உரிமையும் இருந்தது. விருந்துக்குப் போவதா வேண்டாமா என்று இங்கே வாதாடுகிறோம். பேராளர் வேலை என்ன என்பதை அவர்கள் செய்து காட்டினார்கள்.

ஏரிக்கரை:
அவர்களை நான் மதிக்கிறேன், தம்பி. பேராளர்களாக உள்ளே வந்ததால்தான் அவர்கள் வெளியே உட்கார்ந்தபோது நாடு திரும்பிப் பார்த்தது. எல்லாரும் ஒதுங்கிவிட்டால் அந்தக் கூடம் முழுவதும் லாபியிஸ்டுகளுக்கே போய்விடும். நான் அஞ்சுவது அதற்குத்தான்.

பழஞ்சட்டம்:
ஒரு யோசனை. வரவேற்புக் குழு தன் கணக்கை மாநாடு முடிந்த பிறகு தாக்கல் செய்தால் போதும் என்பது விதி. நம் கல்யாண வீட்டில்கூட மொய் நோட்டு வாசலிலேயே திறந்திருக்கும். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியலை விருந்துக்கு முந்தைய நாளே வெளியிடச் சொல்லிப் பேராளர்கள் தத்தம் மாநிலக் கட்சியில் தீர்மானம் கொண்டுவரலாம். 2028க்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

தென்னங்கீற்று:
தீர்மானத்தை ஆதரிப்பேன். பட்டியல் வெளியானாலும் விருந்துக்குப் போகக் கூடாது என்றே சொல்வேன். பெயர் தெரிந்துவிட்டதால் கொடுத்தவரின் எதிர்பார்ப்பு குறைந்துவிடாது.

ஏரிக்கரை:
நான் போவேன். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் பெயர் உள்ளவரிடமே நேரில் போய் எதற்காகக் கொடுத்தீர்கள் என்று கேட்பேன்.