ரிவர்ஸ் டிராக்: ‘மறுதிசைத் தடம்’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

கார்ப் பந்தய வீடியோ விளையாட்டுகளில் வரும் ‘ரிவர்ஸ் டிராக்’ என்பதற்குப் ‘பின்னோட்டத் தடம்’ என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. அங்கே கார் முன்னோக்கியே செல்கிறது. தடத்தைச் சுற்றும் திசைதான் மாறுகிறது. ‘பின்னோட்டம்’ ரிவர்ஸ் கியருக்கே உரியதாக இருக்கட்டும்.

‘இடஞ்சுழித் தடம்’ (கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்றும் தடம்) அழகிய சொல், ஆயினும் பொருந்தாது. பிரேசிலின் இன்டர்லாகோஸ் இயல்பிலேயே இடஞ்சுழியாக ஓடும் தடம்; அதைத் திருப்பினால் வலஞ்சுழியாகிவிடும். ஜப்பானின் சுசூக்காவோ எட்டு வடிவில் தன்னையே மேம்பாலத்தால் கடப்பதால், ஒரே சுற்றில் இரு சுழிகளும் வருகின்றன. ‘எதிர்த்திசை’யும் வேண்டாம், ஓட்டுபவர் தவறாகத் திரும்பும்போது திரையில் தோன்றும் எச்சரிக்கைக்கு அச்சொல் தேவைப்படுகிறது.

இவற்றைவிட நுட்பமான குழப்பம் ‘மிரர்’ முறையோடு நேர்வது. மாரியோ கார்ட் ஆட்டங்களிலுள்ள அம்முறையில் தடம் இடவலமாக மாறுகிறதே தவிர, திருப்பங்களின் வரிசையும் மேடுபள்ளமும் மாறுவதில்லை. ரிவர்ஸிலும் இடத்திருப்பம் வலத்திருப்பமாவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றலாம். ஆனால் இங்கே வரிசையே தலைமாறுகிறது. பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் ஓ ரூஜ் வளைவைத் தாண்டி மேலேறும் புகழ்பெற்ற ஏற்றம் சரிவாகிவிடும். போகப்போக இறுகும் வளைவு, இறுக்கத்தில் தொடங்கி விரியும் வளைவாகிவிடும். எனவே எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே வேகமெடுப்பது என்பதை ஓட்டுபவர் முற்றிலும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கிறது. இவ்வேறுபாட்டைச் சொல்லிலும் காக்க, மிரர் முறையை ‘ஆடித் தடம்’ (ஆடி என்றால் கண்ணாடி) என்று தனியே பிரித்துவிடலாம்.

ரிவர்ஸுக்கு என் பரிந்துரை ‘மறுதிசைத் தடம்’. ‘மறு’ என்பது ‘மீண்டும்’ என்றும் பொருள்படுமே என்ற ஐயம் எழலாம். மறுகரை, மறுபக்கம் என்று வழங்கும் நமக்கு, திசையோடு சேரும்போது அந்த மயக்கம் நேராது. தவறு என்ற சாயல் அதில் இல்லாததும் முக்கியம். இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் முதலில் இடஞ்சுழியாக நடந்த பந்தயங்கள் 1954இல் வலஞ்சுழிக்கு மாறின. அத்தடத்துக்கு எத்திசையையும் தவறென்று சொல்ல முடியாது.

2025இல் வந்த எஃப்1 25 ஆட்டத்தில் சில்வர்ஸ்டோன், சான்ட்வோர்ட், ஆஸ்திரியாவின் ரெட் புல் ரிங் ஆகிய மூன்று தடங்களையும் மறுதிசையில் ஓட்டலாம். ‘மறுதிசை சில்வர்ஸ்டோன்’ என்று பெயருக்கு முன் சேர்த்தாலும், மெனுவில் ‘திசை: இயல்பு / மறு’ என்று சுருக்கினாலும் சொல் நன்றாகவே இயங்குகிறது. தடத்தின் பெயரோடு இதைவிட இயல்பாக ஒட்டும் சொல் எவருக்கேனும் தோன்றினால் தெரிவிக்க வேண்டுகிறேன்.