கரப்பான், அரிப்பு, சொறி: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பாமணியாற்றங்கரை (மன்னார்குடி பக்கம்)

சின்னவனுக்கு நான்கு வயது. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னம் இரண்டும் சிவந்து பொரிந்திருக்கும். இப்போது முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இறங்கிவிட்டது. பகலில் விளையாட்டு மும்முரத்தில் மறந்துவிடுகிறான். ராத்திரி படுத்ததும் வறட் வறட்டென்று ஆரம்பிக்கும். காலையில் பார்த்தால் போர்வையில் ரத்தப் பொட்டு. மார்கழிப் பனியில் தோல் வெடிக்கிறது, சித்திரை வியர்வையில் எரிகிறது என்று அழுகிறான்.

டாக்டர் அட்டோபிக் எக்ஸிமா என்றார், நாம் கரப்பான் என்கிறோமே அதுதான். வீட்டுக்காரருக்கு ஆஸ்துமா, எனக்குக் காலையில் அடுக்குத் தும்மல். இதெல்லாம் ஒரே குடும்பத்து நோய்களாம். தோலில் ஃபிலாக்ரின் என்று ஒரு புரதம் இருக்கிறதாம். பல பேருக்கு அது பிறவியிலேயே குறைவு. காரை பெயர்ந்த சுவர் மாதிரிதான்: உள்ளே இருக்கிற ஈரம் நிற்காது, வெளியே இருக்கிற தூசியும் சோப்பும் உள்ளே போகும்.

மாமியார் கத்திரிக்காய், மீன், கருவாடு, முட்டை எல்லாவற்றையும் கரப்பான் பண்டம் என்று நிறுத்திவிட்டார். பிள்ளை ரசஞ்சோறும் அப்பளமுமாக இளைத்துப்போனான். அரிப்பு குறையவில்லை. “ஒன்றைச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் சொல்லுங்கள், சோதித்துப் பார்க்கலாம். சும்மா எதையும் நிறுத்தாதீர்கள்” என்றார் டாக்டர். முட்டைக்கு மாமியார் இறங்கிவந்துவிட்டார், கருவாட்டுக்கு இன்னும் இல்லை. ராத்திரிச் சொறிச்சலுக்கு யாராவது வழி சொல்லுங்களேன்.

அரசலாற்று அக்கா (கும்பகோணம்)

எங்கள் வீட்டில் பெரியவளுக்கு இருந்தது. எங்களைக் காப்பாற்றியது குளியலறைதான். பயத்தமாவு, நலங்குமாவு தேய்ப்பதை முதலில் நிறுத்துங்கள். கொரகொரப்பு ஆகாது. வெந்நீரும் வேண்டாம், கை பொறுக்கிற வெதுவெதுப்பு போதும். குளியல் ஐந்து, பத்து நிமிஷத்தில் முடியட்டும், வாசனையில்லாத சோப்பு, அதுவும் அழுக்கு இருக்கிற இடத்துக்கு மட்டும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, உடம்பில் ஈரம் இருக்கும்போதே, மூன்று நிமிஷத்துக்குள் ஈரப்பதக் க்ரீமைத் தடவிவிடுங்கள். முடி சாய்ந்திருக்கிற திசையிலேயே, மேலிருந்து கீழாக. படுக்கும் முன் இன்னொரு தடவை.

பொட்டு வைக்கிற மாதிரி வைத்தால் பிரயோஜனமில்லை. உடம்பு முழுக்க இருக்கிற பிள்ளைக்கு வாரத்துக்குக் கால் கிலோகூட ஆகும். செலவு கட்டாது என்றால் வாசனை சேர்க்காத வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியே நல்லதுதான். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். ராத்திரிக்குத் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சட்டை. தோல் நன்றாக இருக்கிற நாளிலும் க்ரீமை விடாதீர்கள், எல்லோரும் கோட்டை விடுவது அங்கேதான்.

கரணை (பாபநாசம்)

நான் கொத்தனார். எனக்கு வந்தது வேறு ரகம். விரலிடுக்கு வெடித்து, உள்ளங்கை தடித்து, சோறு பிசைய முடியாது. குழம்பு பட்டால் உயிர் போகும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குப் போனேன். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க, முதுகில் வரிசையாக ஒட்டுப்போட்டு 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். சிமென்டில் இருக்கிற குரோமேட்தான் ஆகவில்லை. இப்போது உள்ளே பருத்திக் கையுறை, மேலே நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் உறை. சித்தாள் பசங்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். கையைத் தின்னர், மண்ணெண்ணெய் விட்டுக் கழுவும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள் தம்பிகளா.

கமலாலயத் தெரு (திருவாரூர்)

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்த ட்யூபை நசுங்கிய அட்டையோடு கொண்டுவந்து நீட்டி “இதே கொடுங்க” என்பவர்கள் தினமும் வருகிறார்கள். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. கொடுக்க மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போகிறார்கள்.

அவர்களில் பலருக்கு இருப்பது எக்ஸிமாவே இல்லை, படர்தாமரை. வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்திருக்கும். ஸ்டீராய்டு போட்டால் அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும். அப்புறம் அடையாளமே தெரியாமல் போய் டாக்டரே குழம்ப வேண்டிவரும். தொடையிடுக்கில் மாதக்கணக்கில் போட்டுத் தோல் மெலிந்து வரி வரியாகிப் போனவர்களும் உண்டு.

அதற்காக ஸ்டீராய்டு என்றதும் அலறுவதும் சரியில்லை. டாக்டர் எழுதிய வீரியத்தில், சொன்ன நாளுக்குப் போட்டால் நல்ல மருந்து. பெரியவர் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். பெரியவர் கை இரண்டை விரலோடு சேர்த்து வைத்தால் எவ்வளவு இடமோ, அவ்வளவுக்கு அது போதும்.

தேன் நிறப் பொருக்கோ சீழோ தெரிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு, குத்தியெடுத்த மாதிரி சின்னச் சின்னக் கொப்புளம் கூட்டமாக வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம்.

பாமணியாற்றங்கரை

நன்றி அக்கா, நன்றி அண்ணா. க்ரீம் தடவும் பொறுப்பை மாமியாரே எடுத்துக்கொண்டார். “என் பேரனுக்கு நான்தான் தடவுவேன்” என்று டப்பாவைப் பூஜையறையில் வைத்திருக்கிறார். சொறிச்சல் நிற்கவில்லை, ஆனால் நடுவில் கொஞ்சம் தூங்குகிறான். இன்னொன்று கேட்கணும். பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம். சம்பா அறுப்பு நேரம், களத்தில் ஒரே சுணையாக இருக்கும். என்ன செய்யலாம்?

அரசலாற்று அக்கா

முழுக்கைச் சட்டை போட்டு அனுப்புங்கள். வைக்கோல் போர் பக்கம் போகாதே என்றால் கேட்கவா போகிறான்? திரும்பி வந்ததும் உடம்பை அலசிவிட்டு, சட்டையை மாற்றி, க்ரீமைத் தடவுங்கள். டப்பாவைப் பூஜையறையிலேயே வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.