சிங்க் பக்கம் பொடி ஈ: வினிகர் வைத்தும் குறையவில்லை

கேள்வி

சமையலறை சிங்க் பக்கத்திலும் குளியலறைச் சுவரிலும் பொடி ஈக்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிண்ணத்தில் வினிகர் வைத்தால் ஒன்றிரண்டுதான் விழுகின்றன. ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்கு இல்லை, இரண்டு நாளில் மறுபடி வந்துவிடுகின்றன. சிங்க் ஓட்டையில் பிளீச்சும் ஊற்றியாயிற்று. குப்பை தினமும் வெளியே போகிறது, பழம் எதையும் திறந்து வைப்பதில்லை. வேறு எங்கே பார்க்க வேண்டும்?

குழாய்ச்சாவி

முதலில் எந்த ஈ என்று தெரிய வேண்டும். ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பாருங்கள். உடம்பு தவிட்டு நிறம், கண் சிவப்பு என்றால் பழ ஈ. சாம்பல் நிறத்தில், இறக்கையெல்லாம் பொடி மயிரோடு, குட்டி அந்துப்பூச்சி மாதிரி இருந்தால் வடிகால் ஈ. இது அதிகம் பறக்காது; விரட்டினால் கொஞ்ச தூரம் தத்திப் போய் அதே சுவரில் உட்காரும். வினிகரைக் கண்டுகொள்ளாமல் சுவரில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது இதுதான் என்று படுகிறது.

உறுதி செய்ய டேப் சோதனை. ஓட்டையைச் சுற்றி ஈரம் துடைத்துவிட்டு, பசைப்பக்கம் கீழே இருக்கும்படி அகலமான டேப்பை இரவில் ஒட்டுங்கள். முழுக்க மூடாமல் ஓரத்தில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், காற்று இல்லாவிட்டால் ஈ மேலே வராது. சிங்க், வாஷ் பேசின், குளியலறைத் தரை ஓட்டை என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே இரவில் சிக்கவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள், மூன்று நான்கு இரவு தொடருங்கள்.

அடுக்களை

அவ்வளவு எதற்கு? சோடா உப்பும் வினிகரும் போட்டு, மேலே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினால் போதுமே.

குழாய்ச்சாவி

போதாது. சோடா உப்பும் வினிகரும் சேர்ந்தால் நன்றாக நுரைக்கும், ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு கடைசியில் மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்தான். கொதிநீர் பிளாஸ்டிக் குழாயை இளக்கும், இணைப்பு நெகிழ்ந்து கசியத் தொடங்கும். கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் வேண்டாம்.

ஈயின் புழு இருப்பது தண்ணீரில் இல்லை. குழாயின் உட்சுவரில் சோப்பும் எண்ணெயும் முடியும் சேர்ந்து படிந்திருக்கிற வழுவழுப்புக்குள் இருக்கிறது. பிளீச் அதன் மேலே வழுக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. அதனால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இன்னொன்று: பிளீச் ஊற்றிய ஓட்டையில் வினிகரையோ வேறு அமிலக் கிளீனரையோ ஊற்றவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். நிறையத் தண்ணீர் விட்டு அலசிய பிறகுதான் வேறு எதுவும்.

கேட்டவர்

டேப் வைத்துப் பார்த்தேன். சமையலறை சிங்க்கில் ஒன்றும் இல்லை. வாஷ் பேசினிலும் தரை ஓட்டையிலும் ஒட்டியிருக்கின்றன. நீங்கள் சொன்ன மயிர் இறக்கைதான்.

குழாய்ச்சாவி

நல்லது, இடம் தெரிந்துவிட்டது.

தரை ஓட்டை: ஜாலியைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தையும் தேயுங்கள், பலரும் மேல்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உள்ளே கிண்ணம் மாதிரி கழற்றும் பாகம் இருந்தால் அதையும் வெளியே எடுங்கள். நீளமான பாட்டில் பிரஷ்ஷைப் பாத்திரம் கழுவும் சோப்பில் தோய்த்து, குழாய்ச் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றித் தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீர் விடுங்கள். கறுப்புச் சளி மாதிரி வந்துகொண்டே இருக்கும். வருவது தெளியும்வரை நிறுத்தாதீர்கள்.

வாஷ் பேசின்: கீழே வாளி வைத்துவிட்டு பாட்டில் ட்ராப்பை (பேசினுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் பாகம்) கையால் திருகிக் கழற்றுங்கள். வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அப்படியே திரும்பப் போடுங்கள், புரட்டிப் போட்டால் சொட்டும். மறந்துபோகிற இடம் பேசினின் மேல் விளிம்புக்குக் கீழே இருக்கும் வழிதல் ஓட்டை. தண்ணீர் அங்கே அபூர்வமாகத்தான் போகும், ஆனால் உள்ளே ஈரமும் அழுக்கும் நிரந்தரம். மெல்லிய பிரஷ்ஷை விட்டுத் தேய்த்து, புனல் வைத்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். மற்றதெல்லாம் சுத்தமாகியும் ஈ போகவில்லை என்றால் பெரும்பாலும் இங்கேதான்.

கை எட்டாத தூரத்துக்கு, படிந்த அழுக்கைக் கரைக்கும் என்சைம் வடிகால் ஜெல். இரவில் கடைசியாக ஊற்றி, காலைவரை தண்ணீர் விடாதீர்கள். பிளீச்சோடு சேர்க்காதீர்கள், என்சைம் கெட்டுவிடும்.

முட்டை ஈயாக மாற ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகும். ஏற்கெனவே பறப்பவையும் இரண்டு வாரம் போல உயிரோடு இருக்கும். அதனால் தேய்த்த மறுநாளே ஈயைப் பார்த்துவிட்டு வேலை வீண் என்று நினைக்க வேண்டாம். வாரம் ஒரு முறை வீதம் மூன்று வாரம் தேயுங்கள்.

தொட்டிச்செடி

இதே குழப்பத்தோடு வருகிறவர்களுக்கு: கறுப்பாக, காலும் உணர்கொம்பும் நீண்டு, குட்டிக் கொசு மாதிரி ஜன்னல் பக்கம் திரிந்தால் அது வடிகால் ஈ இல்லை, தொட்டி மண்ணில் வளரும் ஈ. புழு மண்ணின் மேல் 5 செ.மீ.க்குள் இருக்கும். அந்த அளவு மண் காய்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள், தட்டில் தேங்குவதைக் கொட்டுங்கள். பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை. அடங்காவிட்டால் பி.டி.ஐ. என்ற, புழுவைக் கொல்லும் பாக்டீரியா கலந்த தண்ணீர், அதன் லேபிளில் போட்ட அளவில்.

கேட்டவர்

வழிதல் ஓட்டையில் நீங்கள் சொன்ன கறுப்புச் சளி ஏராளம். ஈ நன்றாகக் குறைந்திருக்கிறது. பயன்படுத்தாத ஒரு குளியலறை இருக்கிறது, அங்கேயும் செய்யணுமா?

குழாய்ச்சாவி

செய்யுங்கள். அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: ட்ராப்பில் நிற்கும் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை வாடையும் பூச்சியும் நேராக மேலே வரும். வாரம் ஒரு முறை ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும். இதற்குப் பிறகும் முதுகு கூனிய, பறக்காமல் விறுவிறுவென்று ஓடுகிற பொடி ஈ தரையோரம் தென்பட்டால் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பிளம்பரைக் கூப்பிடுங்கள். தரைக்கு அடியில் குழாய் உடைந்து மண் ஊறியிருந்தால் அது அங்கேதான் பெருகும்.