வேலை இடத்தில் இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு நாள்: உங்கள் அனுபவம்

தி.நகர் சேலை செக்‌ஷன்:
உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை, நாலு வருஷம். நாள் முழுக்க நிற்பதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று சட்டத் திருத்தம் வந்ததும் எங்கள் மாடிக்கும் ஆறு ஸ்டூல் வந்தது. மறுநாளே அதன்மேல் ஜாக்கெட் பிட் பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள்.

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு. ராத்திரி எட்டு மணி இருக்கும், ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கவுன்டர் போன் அடித்தது. முதலாளி கேமராவில் பார்த்திருக்கிறார். சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்து ஒரு விரலை மேலே அசைத்தார், எழுந்திரு என்று. வாய் திறக்கவில்லை. சேலை பார்த்துக்கொண்டிருந்த பாட்டிதான், "உட்காரட்டுமே தம்பி, கால் எப்படி வீங்கியிருக்கு பாரு" என்றார். அந்த மாசம் 200 ரூபாய் பிடித்தம். பணம் போனது போகட்டும். அந்த விரல் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அம்பத்தூர் லேத்:
எனக்கு பிஎஃப், அதாவது வருங்கால வைப்பு நிதி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கான்ட்ராக்டில் ஏழு வருஷம். சம்பளச் சீட்டில் மாசாமாசம் 12 சதவீதம் பிடித்திருப்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்கலாம் என்று ராயப்பேட்டை பிஎஃப் ஆபீஸ் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார். முதல் பதினாலு மாசம் பணம் இருக்கிறது, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. "கட்டவே இல்லையேப்பா" என்றார். என் கையில் பத்திரிகை, மஞ்சள் தடவியது. கான்ட்ராக்டர் கம்பெனியைக் கேள் என்றான். கம்பெனியில் நீ எங்கள் ஆளே இல்லை என்றார்கள். வட்டிக்கு வாங்கித்தான் கல்யாணம் நடந்தது.

வடபழனி அக்கவுன்ட்ஸ்:
தப்பாக எடுத்துக்காதீங்க தம்பி, ஏழு வருஷம் பிஎஃப் பாஸ்புக் பார்க்காமல் விட்டது சரியில்லை. எனக்கும் ஒரு கம்பெனி மூன்று மாசச் சம்பளம் தராமல் பூட்டிக்கொண்டு போனது, அதனால் சொல்கிறேன். யுஏஎன் என்கிற உங்கள் பிஎஃப் கணக்கு நம்பரை வைத்து, உமங் என்கிற அரசு செயலியில் மாசாமாசம் பாருங்கள். கான்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய கம்பெனிதான் கட்ட வேண்டும், எங்கள் ஆள் இல்லை என்று தப்பிக்க முடியாது. சீட்டுகளோடு பிஎஃப் ஆபீசிலேயே எழுதிக் கொடுங்கள். சம்பளப் பிடித்தம், ஓவர்டைம் என்றால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை இருக்கிறது. வந்த நேரம், போன நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சம்பளம் 21,000க்குள் என்றால் இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் கேட்டு வாங்குங்கள். தி.நகர் தங்கச்சி, நீங்களும் அன்றைக்கே வேலையை விட்டிருக்க வேண்டும்.

தி.நகர் சேலை செக்‌ஷன்:
விட்டுவிட்டு எங்கே போவது அண்ணா? ஹாஸ்டல் கடையுடையது, சாப்பாடு கடையுடையது. ஊர் சாத்தான்குளம் பக்கம். ராத்திரி பதினொரு மணிக்குப் பெட்டியோடு தெருவில் நிற்கச் சொல்கிறீர்களா? நான் கேட்டது ஆலோசனை இல்லை. அந்தப் பாட்டிக்குத் தெரிந்தது அவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதுதான்.

அம்பத்தூர் லேத்:
தி.நகர் அக்கா சொல்வதுதான் சரி. ஆனால் அண்ணா, கம்பெனிதான் கட்ட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு யாருமே சொல்லவில்லை. சீட்டு 84ம் பீரோவில் இருக்கிறது. திங்கட்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு ராயப்பேட்டை போகிறேன்.