மேற்குச் சுவரில் வார்ம் ஒயிட் மஞ்சளடிக்குமா?

அடையாறுவாசி: வெளிச்சுவருக்கு வார்ம் ஒயிட், அதாவது லேசான மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை, அடித்தால் மாலை வெயிலில் மேற்குச் சுவர் மஞ்சளடித்துவிடும், சென்னைக்குத் தூய வெள்ளைதான் சரி என்று நேற்று இங்கே ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார். கடையின் குழல்விளக்கில் ஷேடு கார்டை, அதாவது நிற மாதிரி அட்டையைப், பார்த்துவிட்டுச் சொல்லும் பேச்சு இது. கார்டில் மஞ்சள் கலந்ததாகத் தெரியும் நிறம் திறந்த வெயிலில் பெரிய சுவரில் ஏறும்போது வெளுத்துத்தான் தெரியும். தூய வெள்ளையோ உச்சி வெயிலில் கண்ணைக் கூசச் செய்யும்.

மாம்பலத்துக்காரர்: எழுதியவன் நான்தான். கண் கூசுவதைப் பற்றி நான் பேசவே இல்லை. என் வீட்டு மேற்குச் சுவர் மாலையில் மஞ்சளடிக்கிறது. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வேளச்சேரிப் பொறியாளர்: இருவரும் எந்த நிறத்தை வார்ம் ஒயிட் என்கிறீர்கள்? ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதற்கு 0 முதல் 100 வரை ஓர் அளவு உண்டு. அந்த எண்ணைச் சொன்னால் பேச்சு தெளிவாகும்.

மாம்பலத்துக்காரர்: எண் எதற்கு? கண் இருக்கிறதே.

அடையாறுவாசி: சாயும் வெயிலே மஞ்சள்தான் ஐயா. 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவரும் வெயில் சாயும்போது பொன்னிறமாகத்தான் தெரிகிறது. அதை யாரும் குறை சொல்வதில்லை. உங்கள் ஜன்னல் சட்டங்கள் பளிச்சென்ற வெள்ளையாக இருந்தால், அவற்றை ஒட்டிய சுவர் இன்னும் மஞ்சளாகவே தோன்றும். புதுச் சிமெண்ட் பூச்சு 28 நாளாவது ஆறுவதற்கு முன் அடித்திருந்தால், சிமெண்டின் காரத்தன்மை நிறத்தைத் தின்று திட்டுத் திட்டாக்கியும் இருக்கும்.

மாம்பலத்துக்காரர்: என் வீட்டுப் பூச்சைப் பார்க்காமலே குற்றம் கண்டுபிடிக்கிறீர்கள். அந்தக் காலத்தில் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தார்களே, மஞ்சளை அடக்கத்தானே?

அடையாறுவாசி: சுண்ணாம்புக்கு நீலம் போட்ட கதையை எமல்ஷன் பெயிண்டுக்குக் கொண்டுவராதீர்கள். வார்ம் ஒயிட்டில் இரும்பு ஆக்சைடிலிருந்து வரும் மஞ்சள் வெயிலுக்கு எளிதில் மங்காது. தெருப் புழுதியையும் ஓரளவு மறைக்கும்.

திருவான்மியூர் வாசகி: மஞ்சளை விடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் எங்கள் வடக்குச் சுவரில் பாசி கறுப்பாகப் படிகிறது. சன்ஷேடின் அடியில் நீர் சொட்டி விழ ஒரு காடி (நீளமான சிறு பள்ளம்) விடாததால், ஒவ்வொரு ஜன்னலுக்குக் கீழும் கறுப்புக் கோடு இறங்குகிறது. இதற்கு எந்த வெள்ளை தாங்கும்?

அடையாறுவாசி: அம்மா, பாசியைச் சுரண்டி, பாசிக்கொல்லி மருந்தடித்து, காயவிட்டு, பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர் அடிக்க வேண்டும், அது நிறத்தின் குற்றமன்று. மாம்பலத்தாருக்கு ஒரே கேள்வி: எதிர்வீட்டுச் சுவர் என்ன நிறம்? அங்கே மஞ்சளோ ஆரஞ்சோ இருந்தால், அதில் பட்ட வெளிச்சம் உங்கள் சுவரில்தான் வந்து விழும்.

மாம்பலத்துக்காரர்: எதிர்வீடு பச்சை. அடுத்த காரணத்தைச் சொல்லுங்கள்.